போஸ்ட்வில், அயோவா

போஸ்ட்வில் ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தின் வடகிழக்கில், அலமக்கீ, கிளேட்டன் ஆகிய இரு கவுண்டிகளின் எல்லையில் அமைந்துள்ள ஒரு சிறு நகரமாகும். வேளாண்மையைச் சார்ந்திருந்த இவ்வூரின் மக்கள்தொகையும் பொருளாதாரமும் ஓர் இறைச்சி ஆலையின் வளர்ச்சியாலும் வீழ்ச்சியாலும் பெரும் மாற்றங்களைக் கண்டன.

மக்கள் வகைப்பாடு

2000 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 2,273 பேர் வாழ்ந்தனர். இது 2010 இல் 2,227 ஆகவும், 2020 இல் 2,503 ஆகவும் பதிவானது. எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு தெரியாவிடினும், இங்கு வாழ்வோர் பலமுறை மாறியுள்ளனர். தொடக்கக் குடியேறிகளுள் பெரும்பாலோர் ஜெர்மானிய, நார்வே வழிவந்த லூத்தரன் கிறித்தவர்கள் ஆவர். 1987 க்குப் பின் ஹசிடிய யூதர்களும், கிழக்கு ஐரோப்பியர், மெக்சிகர், குவாத்தமாலர் ஆகியோரும் குடியேறினர். 2008 க்குப் பின் சோமாலியரும் பலாவுத் தீவினரும் வேலை தேடி வந்தனர்.

பொருளாதாரம்

சோளம், சோயா அவரை, கால்நடை, பால் உற்பத்தி ஆகியவை சுற்றுவட்டாரத்தின் முதன்மைத் தொழில்களாகும். 1980களின் வேளாண் நெருக்கடியில் அயோவாவின் பல சிற்றூர்கள் நலிவுற்றன. அக்காலத்தில் மூடப்பட்டுக் கிடந்த இறைச்சி ஆலையை, நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த ஆரோன் ருபாஷ்கின் 1987 இல் வாங்கினார். அக்ரிபிராசசர்ஸ் எனப் பெயரிடப்பட்ட இவ்வாலை, யூத சமய விதிப்படி கோஷர் இறைச்சி தயாரிக்கும் நாட்டின் மிகப்பெரிய ஆலையாக வளர்ந்தது. விலங்குகளை அறுப்பதற்கும் மேற்பார்வைக்கும் சமயப் பயிற்சி பெற்றோர் தேவைப்பட்டதால் யூதக் குடும்பங்கள் இங்கு வந்து தங்கின. குறைந்த கூலியுடைய பிற பணிகளைப் புலம்பெயர்ந்தோர் செய்தனர்.

2008 சோதனை

2008 மே 12 அன்று குடிவரவு அதிகாரிகள் ஆலையைச் சோதனையிட்டு 389 பேரைக் கைது செய்தனர். இது நகர மக்கள்தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கிற்கு ஈடானது. கைதானோரில் பெரும்பாலோர் குவாத்தமாலர். ஏறத்தாழ 300 பேர் மீது குற்ற வழக்குகள் தொடரப்பட்டன. போலி அடையாள ஆவணங்களைப் பயன்படுத்திய குற்றத்தை ஒப்புக்கொண்ட பெரும்பாலானோர் ஐந்து மாதச் சிறைத்தண்டனை பெற்றுப் பின் நாடுகடத்தப்பட்டனர். குழந்தைகளைப் பராமரிப்பதற்காக விடுவிக்கப்பட்ட தாய்மார்கள் பலருக்குக் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்டது. அவர்களால் ஊரை விட்டுச் செல்லவோ வேலை செய்யவோ இயலவில்லை. புனித பிரிஜித் கத்தோலிக்க ஆலயம் இக்குடும்பங்களுக்குப் புகலிடமாக விளங்கியது.

வேறொருவரின் அடையாள எண்ணைப் பயன்படுத்துவதாக அறிந்திருந்தால் மட்டுமே கடுமையான அடையாளத் திருட்டுக் குற்றம் பொருந்தும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் 2009 மே மாதம் தீர்ப்பளித்தது. போஸ்ட்வில் தொழிலாளர்கள் அதற்கு முன்னரே தண்டனையை முடித்திருந்தனர்.

ஆலை 2008 நவம்பரில் திவாலானது. இதனால் கடைகள், வாடகை வீடுகள், கால்நடை வளர்ப்போர் ஆகிய அனைவரும் பாதிக்கப்பட்டனர். 2009 இல் கனடிய வணிகர் ஹெர்ஷி ஃபிரீட்மன் ஆலையை வாங்கி, அக்ரி ஸ்டார் என்ற பெயரில் நடத்தத் தொடங்கினார்.

பள்ளி மாவட்டம்

அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவால் ஆளப்படும் தனி உள்ளாட்சி அமைப்பாகும். இதன் வருவாய் முதன்மையாகச் சொத்து வரியிலிருந்தும் மாநில அரசின் உதவியிலிருந்தும் கிடைக்கிறது. அயோவாவில் அக்டோபர் மாதத் தொடக்கத்தில் கணக்கிடப்படும் மாணவர் எண்ணிக்கையே அடுத்த கல்வியாண்டின் நிதியை நிர்ணயிக்கிறது. ஆகவே குடும்பங்கள் வெளியேறினால் பள்ளியின் நிதியும் குறையும். மாணவர் குறைவால் மாவட்டங்கள் ஒன்றிணைக்கப்பட்டதில், 1950களில் 4,000 க்கும் மேலிருந்த அவற்றின் எண்ணிக்கை இன்று 330 க்கும் கீழே வந்துள்ளது. போஸ்ட்வில் தன் பள்ளிகளைத் தனித்து நடத்த முடிவதற்குப் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் முக்கியக் காரணமாவர்.

குறிப்பிடத்தக்கவர்

1946 இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான் மோட் இவ்வூரில் வளர்ந்தவர். 1938 டிசம்பரில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் நடைபெற்ற பன்னாட்டுக் கிறித்தவ மாநாட்டிற்கு இவரே தலைமை தாங்கினார்.