விரிவுக் கலன்

குளிர் மிகுந்த ஐரோப்பிய நாடுகளில், கொதிகலனில் சூடேற்றிய நீரைக் குழாய்களின் வழியே அறைதோறும் செலுத்தி வீடுகளை வெப்பப்படுத்துவர். அந்நீர் மூடிய சுற்றிலேயே மீண்டும் மீண்டும் ஓடுகிறது. நீர் சூடேறினால் விரியும். ஆனால், அழுத்தினால் எளிதில் சுருங்காது. 10° செல்சியசில் 200 லிட்டராக இருக்கும் நீர், 80° செல்சியசில் ஏறத்தாழ 206 லிட்டராகிறது. மிகுந்த 6 லிட்டருக்கு இடமில்லையெனில், அழுத்தம் பெருகிக் குழாயும் கொதிகலனும் சிதையக்கூடும்.

அவ்விடத்தை அளிப்பதே விரிவுக் கலன். எஃகாலான இக்கலனை ஒரு ரப்பர்ச் சவ்வு இரண்டாகப் பிரிக்கிறது. ஒருபுறம் காற்றோ நைட்ரஜனோ அடைக்கப்பட்டிருக்கும். மறுபுறம் குழாய்நீரோடு இணைந்திருக்கும். விரியும் நீர் சவ்வைத் தள்ள, வாயு சுருங்கி இடந்தருகிறது. நீர் குளிர்ந்ததும் வாயு விரிந்து, நீரைக் குழாய்க்கே திருப்புகிறது.

இங்குச் செயற்படுவது பாயில் விதி. 18 லிட்டர் கலனில் உள்ள வாயு, வளிமண்டல அழுத்தத்தைவிட 1 பார் மிகுதியாக உள்ளதெனக் கொள்வோம். அதன் முழு அழுத்தம் ஏறத்தாழ 2 பார். 6 லிட்டர் நீர் புகுந்தால் வாயு 12 லிட்டராகச் சுருங்கும். அதன் வெப்பநிலை மாறாதிருப்பின், முழு அழுத்தம் 3 பாராகும். அழுத்தமானி 2 பார் காட்டும். வீட்டு அமைப்புகளில் காப்பு வால்வு பொதுவாக 3 பாரில்தான் திறக்கும். எனவே, இது பாதுகாப்பான அளவே.

வாயு கசிந்துவிட்டால், சூடேறும்போதெல்லாம் வால்வு திறந்து நீர் வெளியேறும். குளிரும்போது அழுத்தம் தாழும். இழப்பை ஈடுசெய்யப் புதுநீர் சேர்க்குந்தோறும், அதிலுள்ள ஆக்சிஜன் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே, நீர்ப்பக்கத்து அழுத்தத்தை நீக்கி, வாயுவின் அழுத்தத்தைக் குறித்த காலத்தில் சோதித்தல் இன்றியமையாதது.