உப்பு குடித்த சுவர்

சென்னை, பட்டினப்பாக்கத்துக் கீழ்த்தள வீடுகளில் மழை இல்லாத நாளிலும் சுவர் ஈரமாகும். குழாய் ஒழுகுகிறதா என்று தேடுவார்கள், ஒழுகாது. நீரைக் கொண்டுவருவது சுவருக்குள் தங்கிவிட்ட உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால், கடல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைகிறது. கடலோரத்தில் பல இரவுகள் அப்படித்தான். பகலில் காயும்போது அதே உப்பு செங்கல்லின் நுண்துளைகளில் படிகமாக வளர்ந்து பூச்சைத் தள்ளுகிறது. பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்வது இதனால்தான்.

ஒரு பக்கம் வங்கக்கடல், இன்னொரு பக்கம் அடையாற்று முகத்துவாரம். 2004 சுனாமியும் 2015 டிசம்பர் வெள்ளமும் இங்கே வீடு புகுந்தன. தண்ணீர் புகுந்த வீட்டில் மெயினை அணைப்பதும், சுவிட்ச் பெட்டிகளை எலெக்ட்ரீஷியன் பார்க்கும்வரை தொடாமலிருப்பதும் பலருக்குத் தெரியும். தவறு நடப்பது அதற்குப் பிறகு. டிசம்பரில் நனைந்த சுவருக்குப் பொங்கலுக்குள் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிடுகிறோம். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது, பூஞ்சை பிடிக்கிறது. பாலிதீன் தாள் ஒன்றைச் சுவரில் நாற்புறமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர் துளிர்த்தால் சுவர் இன்னும் காயவில்லை. பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதும் வேண்டாம், கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். உலர்ந்த பிரஷால் தேய்த்து, அள்ளி வெளியே கொட்ட வேண்டும்.

கான்கிரீட்டில் கதை இன்னும் கடுமை. சிமென்ட்டின் காரத்தன்மை கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைத்துவிடும். கம்பி துருவாக மாறும்போது இரு மடங்குக்கும் மேல் பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது. அந்த வெடிப்பின்மேல் சிமென்ட் பூசி மறைப்பதுதான் எனக்கு மிகவும் அச்சமூட்டும் தவறு. உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும், வெளியே யாருக்கும் தெரியாது. தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தியெடுத்து, கம்பியின் பின்புறம்வரை துரு நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே அடைக்க வேண்டும்.

2024 டிசம்பரில் இங்கே சீனிவாசபுரம் குடியிருப்பில் ஜன்னல் சன்ஷேடு இடிந்து விழுந்து ஓர் இளைஞர் உயிரிழந்தார். சன்ஷேடில் கம்பி ஓடும் வழியே பழுப்புக் கோடோ வெடிப்போ தெரிந்தாலும், தட்டினால் பொள்ளலாக ஒலித்தாலும், அதன்கீழ் யாரையும் நிற்கவிடாதீர்கள். கொத்தனாருக்கு முன்னால் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.