காசில் விழுந்த நிழல்

வாசகி ஒருவர் 1955ஆம் வருட அமெரிக்க ஒரு சென்ட் காசைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். வருடத்தின் கடைசி 5க்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு 5. “லட்ச ரூபாய் பெறும் என்கிறார்களே, உண்மையா?”

லட்சம் பெறும் காசு ஒன்று அதே வருடத்தில் உண்டு. ஆனால் இது அதுவல்ல.

ஹப் என்ற எஃகுக் கட்டையை அழுத்தித்தான், காசு அடிக்கும் அச்சான டையில் உருவத்தை இறக்குவார்கள். அந்தக் காலத்தில் ஒரே அழுத்தில் உருவம் முழுதாக இறங்காது. அழுத்தத்தில் எஃகு இறுகிவிடும். காய்ச்சி இளக்கி மறுபடி அழுத்த வேண்டும். 1955இல் ஃபிலடெல்ஃபியா நாணயசாலையில் ஒரு டை மறு அழுத்தின்போது லேசாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டது. நடுவிலிருந்த லிங்கன் முகம் பெரும்பாலும் தப்பியது. ஓரத்திலிருந்த வருடமும் வாசகங்களும் அப்பட்டமாக இரட்டித்தன. அப்படி அடித்த காசுகளில் இருபதாயிரத்துக்கு மேல் புழக்கத்துக்குப் போயின. தானியங்கிப் பெட்டியில் விற்ற சிகரெட் பாக்கெட்டுக்குள் மீதிச் சில்லறையாக வைத்திருந்தவற்றில்கூடப் பலருக்கு இது கிடைத்தது!

வாசகியின் காசில் இருப்பது தேய்மானம். ஒவ்வொரு அடியிலும் காசின் உலோகம் விளிம்பை நோக்கி நகர்ந்து டையை அரிக்கிறது. அப்பாவின் அலுவலக ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் குத்தி மழுங்கியபின் எழுத்தெல்லாம் தடித்து விழும், அதே கதைதான். சேகரிப்பவர்கள் இதை ‘ஏழையின் இரட்டை’ என்பார்கள். சில டாலர் கிடைத்தாலே அதிகம்.

பத்து மடங்கு லென்ஸில் எழுத்தின் முனையைப் பாருங்கள். அசல் இரட்டிப்பில் இரண்டு உருவமும் திரட்சியாக, தெளிவாக நிற்கும். முனை இரண்டாகப் பிளந்து நடுவே சிறு வெட்டு தெரியும். தேய்ந்த டையில் பிளவு இருக்காது. எழுத்து விளிம்புப் பக்கமாக வீங்கி, ஓரம் கரைந்து வழிந்ததுபோல இருக்கும். சுற்றியுள்ள பரப்பும் சொரசொரக்கும்.

இந்த வேறுபாட்டை மறைத்து, தேய்ந்த காசுக்கு ‘அபூர்வம்’ என்று விலை வைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஏமாறுவது பெரும்பாலும் புதிதாக ஆசைப்பட்டு வரும் பிள்ளைகள். விற்பவருக்கு வித்தியாசம் தெரியும் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 1955 அசலுக்குப் போலிகளும் உலவுகின்றன. தரச்சான்று இல்லாமல் பெரிய தொகை கொடுக்க வேண்டாம்.

வாசகிக்கு இன்னொன்று: நன்றாகத் தெரியட்டும் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். துலக்கிய காசுக்குச் சேகரிப்பவர்கள் விலையைப் பாதியாக்கிவிடுவார்கள், அசலாகவே இருந்தாலும்.