உலாவிகளும் தமிழெழுத்தும்

அச்சேறிய நூல் அச்சகத்தில் அமைந்தவாறே வாசகர் கையிலும் அமையும். இணையப் பக்கம் அத்தகையதன்று. வாசகர் அதனைத் திறக்குந்தோறும் அவருடைய உலாவி அதனைப் புதிதாக அச்சுக்கோக்கின்றது. 1849ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் அச்சியந்திரம் வாங்கி வண்ணார்பண்ணைக்குக் கொணர்ந்த காலந்தொட்டு நம்மவர் அறிந்த முறையில் ஒரு பதிப்புக்கு அச்சகம் ஒன்றே. இணையப் பக்கத்துக்கோ குறோம், பயர்பொக்ஸ், சபாரி முதலாய உலாவிகள் யாவும் தனித்தனி அச்சகங்களாம். ஒரு படி பலர் கைப்பட்டால் வேறுபாடு தோன்றாதிருக்குமா?

அவ்வேறுபாட்டின் காரணங்களுள் நம் எழுத்தமைப்பைப் பற்றியதொன்றை முதற்கண் விளக்குவாம். யூனிக்கோட் முறையில் 'கொ' என்னும் எழுத்து, முன்னே ககரமும் பின்னே ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படும். கொம்பை இடப்புறத்தும் காலை வலப்புறத்தும் நிறுத்துவது, எழுத்தைத் திரையிற் காட்டும்போது செய்யப்படும் வேலை. பயர்பொக்ஸ் 2ஆம் பதிப்பில், வரியின் இரு ஓரங்களையும் நேராக்குமாறு பக்கத்தை அமைத்தவர் பணித்திருந்தால் இவ்வேலை குழம்பிற்று. கொம்பும் காலும் இடந்தப்பி எழுத்துக்கள் உடைந்து நின்றன. அதே பக்கம் இன்ரர்நெற் எக்ஸ்புளோரரிற் குற்றமின்றித் தோன்றியமையால், எழுதியவர் குறையை அறியார். வாசகரோ எழுத்துருவைப் பழிப்பர்! பரிகாரம் ஒரு வரியளவே: ஓரம் நேராக்குங் கட்டளையை நீக்கி, வரிகளை இடப்புற ஒழுங்கில் விடுதல். 2008இல் வெளிவந்த பயர்பொக்ஸ் 3 இக்குறையைத் தீர்த்தது. எனினும் நாம் இன்றும் இடப்புற ஒழுங்கையே விரும்புவோம். நெடுஞ்சொற்கள் மலிந்த தமிழைக் கைத்தொலைபேசியின் ஒடுங்கிய திரையில் ஓரம் நேராக்கினால், சொற்களுக்கிடையே பெருவெளி விழுந்து கண்ணை உறுத்தும்.

இனி எழுத்துரு. பக்கத்தில் எழுத்துரு எதுவுங் குறிக்கப்படாவிடின், விண்டோஸ் கணினி நிர்மலாவையும் அண்ட்ரொயிட் தொலைபேசி நோட்டோவையும் தாமே எடுத்துக்கொள்ளும். இவற்றின் அகலமும் உயரமும் ஒன்றல்ல. ஆகவே ஓரிடத்தில் ஒரு வரியில் அடங்கிய தலைப்பு, மற்றோரிடத்தில் இரண்டாய் மடியும். வரியுயரத்தை மாறா அளவாகக் குறித்திருந்தால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகர விசிறியும் முட்டும். வரியுயரத்தை எழுத்தின் அளவுக்கேற்ற விகிதமாகக் குறித்தலும், எழுத்துருவைப் பக்கத்தோடு உடன் அனுப்புதலும் வேண்டும்.

பெட்டியின் அகலக் கணக்கும் ஒரு காலத்திற் பெருந்தொல்லை தந்தது. 300 புள்ளி அகலமும் இருபுறமும் 20 புள்ளி உள்வெளியும் குறித்தால் நியமப்படி மொத்தம் 340. பழைய எக்ஸ்புளோரர் அதனை 300க்குள்ளேயே அடக்கிற்று. பக்கத்தின் தலையில் ஆவண வகையை அறிவிக்கும் வரி இருந்தால், 6ஆம் பதிப்பு முதலாக அவ்வுலாவியும் நியமத்தைப் பின்பற்றும். 2022இல் அவ்வுலாவி ஓய்வுபெற்றது. அறிவிப்பு வரி இன்றும் வேண்டும்.

பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கட்டுரைகளின் நிலை வேறு. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற உரோம எழுத்துக் குவியலாகவே தோன்றும். பக்க அமைப்பை எவ்வளவு திருத்தினும் பயனில்லை. யூனிக்கோட்டுக்கு மாற்றியே ஆகவேண்டும். கல்லூரி மலர்களை இணையத்தில் ஏற்ற முனையும் அன்பர் இதனை முதலிற் கவனிப்பாராக. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள பழைய மாணவரின் பிள்ளைகள் பலர் தமிழை எழுத்துக்கூட்டியே வாசிப்பர். நாம் உடைந்த 'கொ'வைக் கண்டால் ஊகித்துக்கொள்வோம்; அப்பிள்ளைகள் எங்ஙனம் ஊகிப்பர்? ஆதலின் ஏற்றுமுன் பக்கத்தை மூன்று உலாவிகளிலேனும், ஒரு பழைய கைத்தொலைபேசியிலேனும் திறந்து, கொம்பும் காலும் வரும் சொற்களைத் தேடி வாசித்துப் பார்த்தல் நன்று.