ஜீப்புக்கும் ஒரு பேரேடு வேண்டும்

கடையில் ஒரு மூட்டை குறைந்தால் அன்றிரவு கணக்கு முடிக்கும்போதே நமக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்த மூட்டைகளைச் சுமந்து வரும் ஜீப்புக்குக் கடைசியாக எப்போது கியர் ஆயில் மாற்றினோம் என்று கேட்டால், நம்மில் பலர் டிரைவரின் முகத்தைத்தான் பார்ப்போம். மலைப்பகுதியோடு வியாபாரத் தொடர்புள்ள உறுப்பினர்கள் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரத்தையே எடுத்துக்கொள்வோம். இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் பறித்த பச்சைக் காயை உடனுக்குடன் ஸ்டோரில் சேர்த்து உலர்த்த வேண்டும். தாமதமானால் பச்சை நிறம் மங்கும்; நிறம் மங்கினால் ஏலத்தில் விலை இறங்கும். சுமார் 5 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால்தான் 1 கிலோ சரக்கு தேறும். தோட்டத்து மண் பாதையில் ஜீப் நின்றுவிட்டால் நஷ்டம் பட்டறைச் செலவோடு முடிவதில்லை.

உழைப்புக்குக் காரணம்

மகிந்திரா நிறுவனம் 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளை நம் நாட்டில் பொருத்தி விற்கத் தொடங்கியது. அதன் வழியில் வந்த வண்டிகளில் 30 ஆண்டு கடந்தவையும் இன்று மலையில் ஓடுகின்றன. ஏணி போன்ற கெட்டியான சேஸிஸ், பட்டை ஸ்பிரிங், எந்த ஊர் மெக்கானிக்கும் கழற்றி மாட்டக்கூடிய எளிய அமைப்பு ஆகியவையே அதற்குக் காரணம். “ஜீப்தானே, எதையும் தாங்கும்” என்ற எண்ணமும் அங்கிருந்துதான் பிறந்தது. தாங்கும் என்பது உண்மை. கவனிக்காமல் விட்டாலும் தாங்கும் என்பது உண்மையல்ல.

எங்கே தேய்கிறது?

முதலாவது, கிரீஸ். புரொப்பல்லர் ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள கிராஸ் ஜாயிண்டுகளுக்குக் கிரீஸ் அடிக்காவிட்டால், கியர் போட்டுக் கிளப்பும்போது ‘டக்’ என்ற சத்தம் கேட்கும். அப்போதே மாற்றினால் சிறிய செலவு. விட்டுவிட்டால் ஷாஃப்ட் கழன்று தொங்கி, வண்டி நடுவழியில் நிற்கும்.

இரண்டாவது, தண்ணீர். ஓடையில் இறங்கி ஏறும் வண்டியின் முன், பின் ஆக்சில்களுக்குள் காற்றுத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீர் புகலாம். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று பொருள். தாமதிக்காமல் மாற்ற வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. சேஸிஸில் அப்பிய சேற்றையும் கழுவிவிட வேண்டும். சேறு தங்கிய இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கிறது.

மூன்றாவது, ஃபோர் வீல். பழைய ஜீப்புகளில் தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரம் போகும் தூரம் வேறு, பின் சக்கரம் போகும் தூரம் வேறு. சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தார் ரோட்டில் அது நடக்காது. முறுக்கம் முழுவதும் கியர்களின் மேல் விழும். நான்கு டயரும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். அதேசமயம், மாதக்கணக்கில் ஃபோர் வீலைத் தொடாமலே விட்டால் இணைப்புகள் இறுகிப்போகும். மாதம் ஒருமுறை மண் பாதையில் போட்டு எடுக்க வேண்டும்.

நான்காவதும் முக்கியமானதும், பிரேக். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால், ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்து ஆவியாகும். பிறகு பெடல் தரைவரை போகும்; வண்டி நிற்காது. ஆகவே 2 ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்ற வேண்டும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பதை டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

புதிய வண்டி வாங்கியவர்களுக்கு

2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில், புகைக் குழாயில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி உள்ளது. அது நன்கு சூடேறினால்தான் சேர்ந்த கரி எரிந்து போகும். தோட்டத்துக்கும் ஸ்டோருக்கும் இடையே மெதுவாகக் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அலட்சியம் செய்யாமல், வண்டியோடு தந்த கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். இன்ஜின் ஆயிலும் அதில் குறிப்பிட்ட ரகமாகவே இருக்க வேண்டும். மலிவு பார்த்து வேறு ஊற்றினால் வடிகட்டி கெடும்.

நோட்டுப் போடுவோம்

இவற்றை நினைவில் வைத்துச் செய்ய யாராலும் முடியாது. சரக்குக்குப் பேரேடு போடுவதுபோல ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டுப் போடுவோம். தேதி, ஓடிய கிலோமீட்டர், என்ன மாற்றினோம், என்ன செலவு, அடுத்து எப்போது என ஐந்து கட்டங்கள் போதும். எஃப்.சி., இன்ஷூரன்ஸ் முடியும் தேதிகளை முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வருடம் எழுதினாலே எந்தச் செலவு திரும்பத் திரும்ப வருகிறது என்பது தெரியும். ஸ்பிரிங் பட்டை அடிக்கடி உடைகிறதென்றால், குற்றம் ஸ்பிரிங்கில் இல்லை. நாம் ஏற்றும் பாரத்தில்! வண்டியை விற்கும் நாளில் அந்த நோட்டே நல்ல விலை பெற்றுத் தரும்.

கடைசியாக ஒன்று. மலை ஏறும் ஜீப்பில் சரக்கு மட்டும் போவதில்லை. டிரைவரும் சுமை தூக்குபவரும் தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களும் போகிறார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய வண்டியில் பிரேக் போனால் அந்தக் கணக்கை எந்தப் பேரேட்டிலும் நேர்செய்ய முடியாது. மாலையில் வண்டி பத்திரமாகத் திரும்புவதே முதல் லாபம். இந்த வார விடுமுறை நாளிலேயே ஜீப்பைப் பட்டறைக்கு அனுப்பி, நோட்டின் முதல் வரியை எழுதிவிடுங்கள்.