பாலத்து உத்திரத்தில் துருக்கறையா? பூசி மெழுகினால் போதாது

நெய்வேலி நகரியத்திலோ சுற்றுவட்டாரத்திலோ இருக்கிறீர்களா? அடுத்த முறை ஓடைப் பாலம் ஒன்றைக் கடக்கும்போது, கரையில் நின்று உத்திரத்தின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் பாருங்க. செம்பழுப்புக் கறை, கம்பி போகிற திசையிலேயே நீளும் விரிசல், காரை பெயர்ந்து வெளியே தெரியும் கம்பி: இதில் எது இருந்தாலும் உள்ளே துரு பிடித்திருக்க வாய்ப்பு அதிகம்.

"கடலே இல்லாத ஊர்ல துரு எப்படிங்க?" என்று கேட்கலாம். புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை, பி.எச். அளவில் 12-க்கு மேல். கம்பிக்கு அதுதான் கவசம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊறி, அதை 9-க்கும் கீழே இறக்கிவிடும். அப்புறம் ஈரம் பட்டால் போதும். துரு, அரித்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். கடலோரத்தில் உப்பு இதை இன்னும் வேகமாகச் செய்யும். கோவாவில் 1970-ல் திறந்த மாண்டவி ஆற்றுப் பாலம், உள்ளிருந்த இழுவிசைக் கம்பிகள் அரித்துப்போனதால் 1986 ஜூலை 5 அன்று இடிந்தது. பதினாறே வருஷம்!

சரி, எப்படிப் பலப்படுத்துவாங்க? சுத்தியலால் தட்டி, பொள்ளலாகக் கேட்கும் இடங்களைக் குறிப்பார்கள். தேவைப்பட்டால் முட்டுக் கொடுத்து, போக்குவரத்தைக் குறைத்து, கெட்ட கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் வரை செதுக்குவார்கள். துருவை முழுசா நீக்கி, மெலிந்த கம்பிக்குத் துணையாகப் புதுக் கம்பி சேர்த்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, மைக்ரோ கான்கிரீட் நிரப்புவார்கள். காரைக்குடி சிக்ரி ஆய்வகம் இத்தகைய பூச்சுகளை உருவாக்கியிருக்கிறது. பலம் இன்னும் வேண்டுமென்றால், கார்பன் இழைத் தாளை எபாக்சி பசையால் ஒட்டுவார்கள். எடை குறைவு, துருப்பிடிக்காது. ஆனால் துருவை எடுக்காமல் ஒட்டினால், தாளும் காரையும் சேர்ந்தே பெயர்ந்துவரும். வெறும் சிமென்ட் பூச்சு அதைவிட மோசம். நோயை மறைக்கிறது, அவ்வளவுதான்.

நெய்வேலிக்காரர்களுக்கு ஒரு தகவல்: அனல் மின் நிலைய உலர் சாம்பல் கலந்த சிமென்ட், உப்பு ஊடுருவுவதைக் குறைக்கும். ஆனால் கூடுதல் நாள் தண்ணீர் ஊற்றி ஊறவிடணும். அதில்தான் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள்.

மாநிலச் சாலைப் பாலம் என்றால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100-ல் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு 1033. நகரியத்துக்குள் என்றால் என்.எல்.சி. நகர நிர்வாகம். கைப்பேசியில் இருப்பிடத்தை ஆன் செய்து, முழுப் பாலத்துக்கு ஒரு படம், விரிசலுக்கு ஒரு படம் எடுத்து வைங்க. ஓடையில் தண்ணீர் ஓடும்போது அடியில் இறங்காதீங்க.