தலையில் அடிபட்ட பிள்ளைக்கு மறதியா? சோதிக்காதீர்கள், சொல்லிக் கொடுங்கள்

பட்டாசு ஆலைகள் நிறைந்த சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் விபத்து என்றாலே தீக்காயம்தான் நினைவுக்கு வரும். வெடி அதிர்ச்சியில் தூக்கி எறியப்பட்டோ, பைக்கிலிருந்து விழுந்தோ, மொட்டை மாடியிலிருந்து தவறியோ மூளையில் ஏற்படும் காயம் வெளியே தெரியாது. தையல் பிரித்து, முடியும் வளர்ந்த பிறகுதான் வீட்டில் தொல்லை தொடங்கும். காலையில் சொன்னது மதியம் மறந்துவிடும். மாத்திரை போட்டோமா என்பதே பிள்ளைக்குத் தெரியாது.

ஏன் இப்படி?

முன்பு மனனம் செய்த சூராவைப் பிழையின்றி ஓதும் பிள்ளை, இன்று உஸ்தாத் சொல்லிக்கொடுத்த ஒரு வரியை மறந்து நிற்கும். பழைய நினைவுகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. புதியதைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியோ, செய்ய வேண்டியதை நேரத்துக்கு நினைவூட்டும் முன்மூளையோ பாதிக்கப்பட்டிருக்கலாம். இது சோம்பலோ அடமோ அல்ல.

வீட்டில் என்ன செய்யலாம்?

* "யோசித்துச் சொல்" என்று சோதிக்காதீர்கள். ஊகித்துச் சொன்ன தவறான விடையே மனதில் பதிந்துவிடக்கூடும். சரியான விடையை முதலில் நீங்கள் சொல்லி, பிள்ளையைத் திரும்பச் சொல்ல வையுங்கள். நினைவு இழந்த பெரியவர்களுக்கு இம்முறை உதவுவதை இங்கிலாந்தில் ஆலன் பேட்லி, பார்பரா வில்சன் ஆகியோர் 1994-ல் ஆய்வில் காட்டினர்.

* வேலைகளைத் தொழுகை நேரத்தோடு இணையுங்கள். அஸருக்குப் பின் வீட்டுப்பாடம், இஷாவுக்குப் பின் புத்தகப்பை அடுக்குதல் என்று தினமும் ஒரே வரிசை. பாங்கு சத்தமே நினைவூட்டும். மாத்திரைக்கு மருத்துவர் சொன்ன நேரத்தில் போன் அலாரம் வையுங்கள். கொடுப்பது பெரியவர் பொறுப்பு.

* ஒரே நோட்டு, ஒரே இடம். அன்றைய வேலைகளை அதில் எழுதி, முடிந்ததும் பிள்ளையே டிக் செய்யட்டும். நோட்டைப் பார்க்கும் பழக்கத்தையும் பல வாரம் கூடவே இருந்து பழக்க வேண்டும்.

* ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். களைப்பு மறதியைக் கூட்டும். தூக்கம் குறையக் கூடாது.

பள்ளியிலும் சொல்லுங்கள்

காயத்தைப் பற்றி வகுப்பாசிரியரிடமும் மதரஸா உஸ்தாதிடமும் மறைக்காதீர்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் உதவியைக் கேளுங்கள். பாதிப்பு நீடித்தால், மாற்றுத்திறனாளி சான்று பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். தகுதியுள்ளவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு.

மறதி திடீரென அதிகரித்தாலோ, தலைவலியோடு வாந்தி, வலிப்பு, மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.